பாதுவா நகரத்து ரண வைத்தியர் பாசினி

சஸ்திர வைத்திய நூல்களைப் படிப்போர் கண்ணில் திரும்பத் திரும்பத் தட்டுப்படும் பெயர்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று எடுவார்டோ பாசினி என்பது. இப்பெரியார் இத்தாலி தேசத்தவர். 1844-ஆம் வருஷம் பிறந்து 1924-ஆம் வருஷம் மறைந்தவர். குடலிறக்கம் என்னும் நோய் கத்தியால் நிலையாகத் தீரக்கூடியது என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தவர் அவரே. அவருக்கு முன் அந்நோயால் வருந்தியோர் வாழ்நாள் முழுவதும் இடுப்பிற் கச்சை கட்டித் திரிந்தனர். சிலர் ஒரு நாள் குடல் நெரிபட்டு மாண்டனர். பச்சிளங் குழந்தைகளும் இதற்கு விலக்கல்லர். அவர் சரித்திரத்தில் நாம் காணும் விந்தை ஒன்றுண்டு. அவருக்குப் புகழ் தந்த தையல் வேலை இன்று குழந்தைகளுக்குச் செய்யப்படுவதில்லை. அது வேண்டுவதில்லை என்று பின்வந்தோர் தெளிந்ததும் அவர் காட்டிய வழியிலேதான். அஃது எங்ஙனம் என்பதை முறையாகக் கூறுவோம்.

வட இத்தாலியில், லம்பார்தி நாட்டில், பாவியா என்னும் பழைய நகரம் இருக்கிறது. அந்நகரின் சர்வகலாசாலை மிகவும் பெயர் பெற்றது. மின்சார அடுக்கைக் கண்டறிந்த வோல்ட்டா அங்கேதான் பௌதிக சாஸ்திரம் போதித்தார். உடற்கூற்று வல்லுநரான ஸ்கார்ப்பாவும் அங்கே ஆசிரியராக விளங்கி, 1809-இல் குடலிறக்கத்தைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஸ்கார்ப்பா இறந்தபின் அவருடைய தலையைத் தனியே எடுத்துப் பக்குவம் செய்து வைத்தனர். அது அந்தச் சர்வகலாசாலையின் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. ஆசிரியரிடம் கொண்ட மதிப்பின் அடையாளம் என்றே இதனைக் கொள்வோம். இத்தகைய கல்வி நகரத்தில் 1844-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 14-ந் தேதி பாசினி பிறந்தார்.

அக்காலத்தில் இத்தாலி என்பது ஒரு தேசமன்று. லம்பார்தி ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்கு உட்பட்டிருந்தது. தெற்கே நேப்பிள்ஸ் அரசர் ஆண்டார். நடுவே ரோமாபுரியும் அதனைச் சூழ்ந்த நாடும் பாப்பரசர் வசம் இருந்தன. பாசினிக்குப் பதினைந்து வயது நடக்கும்போது, 1859-இல், லம்பார்தி ஆஸ்திரியாவின் பிடியினின்று நீங்கிற்று. ஊரெங்கும் தேசாபிமானம் பொங்கிய அக்காலத்திலேதான் அவர் கல்வி பயின்றார். 1866-இல், தம் இருபத்திரண்டாம் வயதில், வைத்தியப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவுடன் அவர் நோயாளரைத் தேடிச் செல்லவில்லை. கரிபால்டியின் கொடியின்கீழ்ப் போய்ச் சேர்ந்தார். அதுவும் சேனையின் வைத்தியராக அன்று. துப்பாக்கி ஏந்திய சாதாரணக் காலாளாகவே சேர்ந்தார். கற்ற வித்தையை ஒருபுறம் வைத்துவிட்டு இவ்வாறு போனது முறையோ என்று இக்காலத்து மாணாக்கர் வினவக்கூடும். பாவியா நகரத்திற் பிறந்த கைரோலி சகோதரரை அறிந்தோர்க்கு இவ்வினா எழாது. கைரோலி குடும்பத்தில் ஆண் மக்கள் ஐவர். ஒருவர் 1859-இலும், ஒருவர் 1860-இலும் நாட்டின் பொருட்டு உயிர் நீத்தனர். எஞ்சிய மூவரையும் அவர்கள் அன்னை அதெலாய்தே தடுத்து நிறுத்தவில்லை. அத்தகைய அன்னை வாழ்ந்த ஊரில் இருபத்திரண்டு வயது வாலிபன் வீட்டில் இருப்பது எளிதன்று.

1867-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ரோமாபுரியை இத்தாலியோடு சேர்க்கக் கரிபால்டியின் கட்சியார் முயன்றனர். நகரத்துக்குள்ளே கலகம் எழுப்புவது என்றும், வெளியிலிருந்து கைரோலி சகோதரருள் என்ரிக்கோவும் ஜியோவான்னியும் ஆயுதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்றும் ஏற்பாடாயிற்று. எழுபதுக்குச் சற்று மேற்பட்ட வாலிபர்கள் டைபர் நதி வழியாகப் படகுகளில் இரவோடிரவாகச் சென்றனர். அவர்களுள் பாசினியும் ஒருவர். ஆனால் அவர்கள் நகரை அணுகும்போதே உள்ளே கலகம் அடக்கப்பட்டுவிட்டது. மதிலுக்குப் புறத்தே வில்லா குளோரி என்னும் திராட்சைத் தோட்டக் குன்றில் அவர்கள் தங்கினார்கள். 23-ந் தேதி பாப்பரசரின் படையினர் வந்து தாக்கினர். என்ரிக்கோ அங்கேயே மாண்டார். ஜியோவான்னி பல காயங்களுடன் பிழைத்து, அவற்றின் கேட்டினாலேயே 1869-இல் இறந்தார். ஐந்து மக்களுள் அந்தத் தாய்க்கு மிஞ்சியவர் மூத்தவரான பெனதெத்தோ ஒருவரே. அவர் 1878-இல் இத்தாலியின் முதல் மந்திரியானார்.

பாசினிக்கு நேர்ந்தது யாதெனில், எதிரியின் துப்பாக்கி முனையிற் பூட்டியிருந்த ஈட்டி அவருடைய வலத் தொடையிடுக்கிற் பாய்ந்தது. அவர் சிறைப்பட்டார். ரோமாபுரியிலுள்ள சாந்தோ ஸ்பிரித்தோ என்னும் பழைய ஆஸ்பத்திரியில் அவரைக் கிடத்தினர். ஈட்டி குடலையும் துளைத்திருந்தபடியால் காயத்தின் வழியே மலம் கசியலாயிற்று. வயிற்றுக் காயத்தைத் திறந்து குடலைத் தைக்கும் துணிவு அந்நாளில் எவர்க்கும் இல்லை. இயற்கையாய் ஆறினால் பிழைப்பு, இல்லையேல் மரணம். மாதக் கணக்காகச் சிறையிலும் படுக்கையிலும் கிடந்து, விடுதலை பெற்றபின் பாவியாவுக்கு மீண்டார். அங்கே அவருடைய ஆசிரியர் லூயீஜி போர்த்தா அவருக்குச் சிகிச்சை செய்தார். அந்தப் புரை மெல்ல மூடி ஆறிற்று.

தொடையிடுக்கிற் காயம் பட்டதனாலேயே அவர் தொடையிடுக்கு நோயை ஆராயலானார் என்று சிலர் சொல்வர். கதைக்கு இஃது அழகாகப் பொருந்துகிறது. ஆயினும் அக்காயத்துக்கும் அவருடைய முதற் சிகிச்சைக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன. நடுவில் அவர் வேறு பல ஆராய்ச்சிகளிலும் ஈடுபட்டார். ஆதலால் இதனைக் காரணமென்று நாம் சாதிக்கமாட்டோம். ஆனால் உடம்பின் அப்பாகத்தில் நேரும் சிறிய திறப்பு ஒன்று மனிதனை எப்படிக் கிடத்திவிடும் என்பதை அவர் ஏட்டிற் படித்தறியவில்லை என்பது மட்டும் உண்மை.

உடல் தேறியபின் பாசினி ஐரோப்பாவின் பெரிய ரண வைத்தியர்களைத் தேடிச் சென்றார். வியன்னாவில் பில்ரோத், மியூனிக்கில் நுஸ்பாம், பெர்லினில் லாங்கன்பெக் ஆகியோருடைய சாலைகளில் நின்று கற்றார். இங்கிலாந்துக்கும் சென்று லிஸ்டரிடம் பயின்றார். காயத்திற் புகும் நுண்ணுயிர்களைக் கார்பாலிக் திராவகத்தால் அழித்துச் சீழ் பிடியாமற் காக்கும் முறையை லிஸ்டர் 1867-இல் உலகத்துக்கு வெளியிட்டார். பாசினி ஈட்டிக் காயத்தோடு கிடந்த அதே ஆண்டு அது. அம்முறையை இத்தாலிக்கு முதன்முதற் கொண்டுவந்தவர்களுள் பாசினி ஒருவர். சில காலம் லா ஸ்பெத்சியா துறைமுகத்து ஆஸ்பத்திரியில் தலைமை ரண வைத்தியராக இருந்தார். பிறகு பாதுவா சர்வகலாசாலைக்கு வந்து, 1882-இல் ரண நோயியலுக்கும், 1888-இல் வான்செத்திக்குப்பின் ரண சிகிச்சைக்கும் பேராசிரியரானார். 1919-இல் ஓய்வு பெறும்வரை பாதுவாவே அவர் வீடு.

அவர் செய்தது இன்னதென்று விளங்க வேண்டுமானால் நோயின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஆண் குழந்தை கருவில் வளரும்போது அதன் விரைகள் முதலில் வயிற்றுக்குள்ளே, சிறுநீரகங்களுக்கு அருகே தோன்றுகின்றன. பிறப்பதற்கு முந்திய மாதங்களில் அவை கீழிறங்கி, தொடையிடுக்கில் வயிற்றுச் சுவரைக் கடந்து விதைப்பையை அடைகின்றன. அவ்வாறு இறங்குகையில் வயிற்றின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வு, சட்டைக் கையைப்போல் ஒரு பையாக நீண்டு உடன் செல்கிறது. குழந்தை பிறக்குங் காலத்தையொட்டி இந்தப் பை தானே ஒட்டி மூடிவிடுவது இயற்கை. மூடாவிட்டால் வயிற்றுக்குள் இருக்கும் குடல் அவ்வழியே நழுவி வந்து புடைக்கும். குழந்தை அழும்போதும் முக்கும்போதும் தொடையிடுக்கில் வீக்கம் தோன்றி, உறங்கும்போது மறையும். மாதம் நிரம்புமுன் பிறந்த குழந்தைகளில் இஃது அதிகம். வலப் பக்கத்தில் அதிகம். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளில் பன்மடங்கு அதிகம். பெண்மகவானால் குடலுக்குப் பதில் சூற்பையே அப்பையில் வந்து தங்குவதும் உண்டு. முன்னாளில் நம் கல்லூரி விலங்கியற் சாலையில் எலியை அறுத்துப் பார்த்த பழைய மாணாக்கர்க்கு ஒன்று நினைவிருக்கலாம். எலியில் இவ்வழி வாழ்நாள் முழுவதும் திறந்தே இருக்கிறது. அதன் விரைகள் வயிற்றுக்குள் ஏறவும் இறங்கவும் கூடும். மனிதக் குழந்தைக்கோ அத்திறப்பு ஆபத்து. நழுவிய குடல் திரும்பமுடியாமற் கழுத்தில் நெரிபட்டால், இரத்த ஓட்டம் நின்று அழுகிவிடும். இவ்வாபத்து முதல் வயதிலேதான் மிகுதி. கொப்பூழிற் புடைக்கும் வீக்கம் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். தொடையிடுக்கில் வருவது அப்படி மூடுவதன்று. தாய்மார் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் காத்திருப்பதால் கேடு விளைவதுண்டு.

வயது முதிர்ந்தவர்க்கு வருவது வேறு. பாரம் தூக்கியும் இருமியும் முக்கியும் வயிற்றுச் சுவரின் தசையும் உள்ளுறையும் தளர்ந்து போகின்றன. தளர்ந்த இடத்தின் வழியே குடல் பிதுங்குகிறது. குழந்தையில் சுவர் உறுதியானது, மூடவேண்டிய கதவு மட்டும் மூடவில்லை. முதியவரிற் சுவரே இடிந்திருக்கிறது. இவ்வேற்றுமையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பழங்காலத்துச் சிகிச்சையைச் சொல்ல நா கூசும். ஐரோப்பாவில் ஊரூராய்த் திரிந்த குடலிறக்க வைத்தியர் பலர் பையைக் கட்டுவதோடு விரையையும் சேர்த்து அறுத்தெறிந்தனர். எத்தனையோ சிறுவர் இவ்வாறு ஆண்மை இழந்தனர். பதினாறாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்து ஆம்ப்ராஸ் பாரே இக்கொடுமையை வன்மையாகக் கண்டித்து, சிறுவர்க்குக் கச்சை கட்டுவதே தக்கதென்று எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் நகரத்துப் பாட், ஹண்டர் முதலியோர் பிறவிக் குடலிறக்கத்தின் காரணத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். காரணம் தெரிந்ததேயன்றிக் கத்தி எடுக்கத் துணிவு பிறக்கவில்லை. மயக்க மருந்தும் இல்லை, சீழைத் தடுக்கும் வகையும் இல்லை. லிஸ்டருக்குப்பின் துணிவு பிறந்தது. ஹைடல்பர்க்கில் செர்னி, லிவர்பூலில் பாங்க்ஸ் முதலியோர் பையை அதன் கழுத்திற் கட்டி அறுத்து, வெளித் திறப்பைத் தைத்தனர். காயம் நன்றாகவே ஆறிற்று. ஆனால் வளர்ந்தவர்களிற் பெரும்பாலோர்க்குச் சில ஆண்டுகளில் நோய் மீண்டும் வந்தது. அதற்குப் பூரண சிகிச்சை என்று பெயர் மட்டும் இருந்தது. குணமடைந்தவர் என்று கணக்கில் எழுதப்பட்டவர், ஆஸ்பத்திரி வாயிலைக் கடந்துபோன பிறகு என்னவானார் என்று விசாரித்தவர் மிகச் சிலரே.

பாசினி பிணங்களை அறுத்தும் நோயாளரைப் பார்த்தும் ஓர் உண்மையை உணர்ந்தார். வயிற்றுச் சுவரிலுள்ள அந்த வழி நேரான துளையன்று. சாய்வாகச் செல்லும் கால்வாய். அதற்கு உட்புறம் ஒரு வாயில், வெளிப்புறம் ஒரு வாயில், முன்னே ஒரு சுவர், பின்னே ஒரு சுவர். சாய்வாக இருப்பதனாலேயே நாம் இருமும்போதும் முக்கும்போதும் பின்சுவர் முன்சுவரோடு அழுந்தி வழி அடைபடுகிறது. நோய் முற்றினவரிடத்தில் இந்தச் சாய்வு கெட்டு, இரு வாயில்களும் நேர்பட்டுவிடுகின்றன. ஆகவே வெளி வாயிலை மட்டும் தைப்பது, உட்சுவர் இடிந்த வீட்டுக்கு வாசற்கதவைப் பூட்டுவது போலாம். பின்சுவரைப் புதிதாகக் கட்டி, கால்வாயின் பழைய சாய்வைத் திருப்பித் தருவதே பரிகாரம் என்று அவர் தெளிந்தார்.

1884-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 24-ந் தேதி அவர் அம்முறையை முதன்முறை கையாண்டார். முன்சுவரைத் திறந்து, விந்துக் குழாயும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த நாணை ஒருபுறம் விலக்கினார். பையைப் பிரித்தெடுத்து, வயிற்றறைக்கு மிக அணுக்கமாகக் கட்டி அறுத்தார். பிறகு தளர்ந்த பின்சுவரையும் திறந்து, அங்குள்ள இரு தசை அடுக்குகளையும் உள்ளுறையையும் மூன்றும் ஒன்றாகப் பட்டு நூலால் தொடையிடுக்குப் பந்தம் என்னும் உறுதியான நாரோடு வரிசையாகத் தைத்தார். அப்புதுச் சுவரின்மேல் நாணைக் கிடத்தி முன்சுவரை மூடினார். சொல்லும்போது எளிது. ஒவ்வோர் அடுக்கையும் இன்னதென்று அறிந்து பிரித்தெடுக்கும் கைக்கு உடற்கூற்றறிவு முழுமையாக இருத்தல் வேண்டும்.

நாம் பாசினியிடம் மிகவும் மதிப்பது இத்தையலைக்கூட அன்று. அதன்பின் அவர் செய்ததை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் ஒன்றும் வெளியிடவில்லை. 1887-இல் ஜெனோவா நகரிற் கூடிய இத்தாலிய ரண வைத்தியர் சபையிலேதான் முதலில் எடுத்துரைத்தார். 1889-இல் பாதுவாவில் தனி நூலாக அச்சிட்டார். மறு ஆண்டு ஜெர்மானியப் பத்திரிகை ஒன்றில் 262 சிகிச்சைகளின் விவரத்தை வெளியிட்டார். தம்மிடம் சிகிச்சை பெற்றுச் சென்றவர்களை அவர் கைவிடாமல் தொடர்ந்து விசாரித்தார். சிலரை நான்கு ஆண்டுகளுக்கு மேலும் கவனித்துவந்தார். நோய் திரும்பியவர் எத்தனை பேர், காயத்திற் சீழ் கொண்டவர் எத்தனை பேர் என்பதையும் ஒளியாமற் கணக்கிட்டார். திரும்பியது நூற்றுக்கு ஏறக்குறைய மூவர்க்கே. பிறர் கையில் பாதிக்குமேல் திரும்பிவந்த நோய் இது. தாம் தோற்ற இடங்களை அவர் மறைத்திருந்தால் அவருடைய வெற்றியை எவரும் நம்பியிரார்.

இதனால் அவர் புகழ் பரவிற்று. புகழோடு வழக்கும் வந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஹால்ஸ்டட் 1889-இல் இதற்கு மிக நெருங்கிய முறையொன்றைத் தாமாகவே கண்டு வெளியிட்டார். லிஸ்டரின் மாணாக்கரான பாஸ்டன் நகரத்து மார்ஸி, பின்சுவரைத் தைக்கும் எண்ணம் தமக்கே முதலில் தோன்றியதென்று வாதித்தார். எண்ணம் எவருக்கு முதலில் தோன்றிற்று என்பது தீர்க்கக்கூடிய வழக்கன்று. கணக்கைப் பொறுத்தவரை பாசினிக்கு முந்தியவர் இல்லை.

வழக்கைவிடத் தீங்கான வேறொன்றும் நிகழ்ந்தது. அவருடைய முறையைப் பிறர் செய்யத் தொடங்கியபோது, பின்சுவரைத் திறக்கும் கடினமான பாகத்தை அநேகர் விட்டுவிட்டு, மேலே தெரிந்த தசையை மட்டும் பந்தத்தோடு இழுத்துத் தைத்து, அதற்கும் பாசினி சிகிச்சை என்றே பெயரிட்டனர். நோய் மீண்டு வந்தபோது பழி பாசினி மேல் விழுந்தது. அவருடைய உதவியாளராக இருந்த கத்தெரீனா என்பவர், ஆசிரியர் காலஞ்சென்றபின், 1930-க்களில் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டு உண்மையான முறையை விளக்கவேண்டியதாயிற்று. கனடா தேசத்து டொராண்டோவில் ஷோல்டைஸ் என்பவர் 1945-இல் குடலிறக்கத்துக்கென்றே தொடங்கிய ஆஸ்பத்திரியில் கையாளப்பட்ட முறை பெரும்பாலும் பாசினியின் பழைய முறையின் மறுபிறப்பேயாகும். முதியவர்க்குச் செயற்கை நூல் வலையை வைத்துத் தைக்கும் வழக்கம் பிற்காலத்துப் பெருகியது.

1904-இல் பாசினி இத்தாலியச் சட்டசபையின் மேல்மன்றத்து உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஒரு காலத்தில் அந்த இத்தாலியின் பொருட்டே துப்பாக்கி ஏந்திச் சிறைப்பட்டவர் அவர். ஓய்வுக்குப்பின் வெரோனாவுக்கு அடுத்த விகாசியோ என்னும் கிராமத்திலுள்ள தம் வீட்டில் தங்கினார்; அங்கேயே 1924-ஆம் வருஷம் ஜூலை மாதம் 19-ந் தேதி, எண்பதாம் வயதில் காலமானார்.

இனிக் குழந்தைகளின் செய்திக்கு வருவோம். பாசினியின் வெற்றியைக் கேட்ட ரண வைத்தியர் பலர், சிறுவர்க்கும் அவ்வாறே செய்யலாயினர். அதற்குமுன் சிறுவர்க்குக் கச்சையே கதி. கைக்குழந்தைக்கு இடைவிடாது கச்சை கட்டி, அது நனைந்து தோல் புண்பட, மாதக் கணக்காகக் காத்திருந்தனர். குடல் நெரிபடும் அச்சமும் நீங்கவில்லை. நியூயார்க் நகரத்தில் புல், கோலி என்னும் இருவர் நூற்றுக்கணக்கான சிறுவர்க்குப் பாசினி முறையைக் கையாண்டனர். பட்டு நூலுக்குப் பதில் கங்காருவின் வால் நாரால் தைத்தனர். பலன் மிக நன்றாக இருந்தது. அம்முறைக்கு அது மேலும் ஒரு சான்று என்றே பலரும் கருதினர்.

ஆயினும் சிலர் கணக்கை உற்று நோக்கினார்கள். முன்னே நாம் வாசகரை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன வேற்றுமை இங்கே பயன்படுகிறது. குழந்தையின் சுவர் இடியவில்லை. இடியாத சுவரைப் பிரித்துக் கட்டுவானேன்? மேலும் கைக்குழந்தையிற் கால்வாய் மிகவும் குறுகியது. இரு வாயில்களும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. விந்துக் குழாயோ நூலிழை போன்றது. அவ்விடத்திற் பல தையல்கள் இடுவதால் அதற்கும் விரையின் இரத்த ஓட்டத்துக்கும் தீங்கு நேரலாம். லண்டனில் டர்னர் என்பவர் 1912-இல், சிறுவர்க்குப் பையை நீக்குவதே போதும் என்று தம் நோயாளரின் கணக்கைக் கொண்டு எழுதினார். எடின்பரோவில் கெர்ட்ரூட் ஹெர்ஸ்ஃபெல்ட் அம்மையார், ஸ்காட்லாந்தில் ரண வைத்தியத் தொழில் நடத்திய முதற் பெண்மணி, குழந்தைகளுக்கு இவ்வெளிய சிகிச்சையையே செய்து 1938-இல் தம் அனுபவத்தை வெளியிட்டார். சிகாகோவில் பாட்ஸ் என்பவரும் அவர் துணைவரும் 1950-இல் வெளியிட்ட கட்டுரைக்குப்பின் இது பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட முறையாயிற்று. பாசினியின் சிகிச்சையில் முற்பாதி மட்டும் குழந்தைக்குப் போதும்: பையைக் கண்டு, நாணினின்று பிரித்து, வயிற்றறைக்கு அணுக்கமாகக் கட்டுதல். பிற்பாதியாகிய தையல் வேண்டா. இவர்கள் பாசினியின் பகைவரல்லர். சிகிச்சை பெற்றவரைத் தொடர்ந்து விசாரித்து, திரும்பியது எத்தனை என்று எண்ணிப் பார்த்தே சிகிச்சையை மதிக்கவேண்டும் என்பதை அவர்கள் அவரிடமே கற்றிருந்தனர். அக்கணக்கே அவருடைய தையலை வேண்டாவென்றது.

இதனாற் கிடைத்த லாபம் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. பெரியதொரு சிகிச்சை சிறியதாயிற்று. சிறியதானவுடன் குழந்தையை ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கிற் கிடத்தும் தேவையும் குறைந்தது. கிளாஸ்கோவில் நிக்கால் என்னும் ரண வைத்தியர் இதனை வெகு முன்னமே உணர்ந்தவர். அவர் 1909-இல், முந்திய பத்தாண்டுகளில் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் புற நோயாளர் பகுதியில் 8,988 சிகிச்சைகள் நடந்ததாகக் கணக்குக் காட்டினார். குடலிறக்கமும் அவற்றுள் ஒன்று. அக்குழந்தைகள் அன்றே வீடு சென்றனர். தாதிகள் வீடு தேடிச் சென்று காயத்தைப் பார்த்துவந்தனர். பால் குடிக்கும் மகவைத் தாயினின்று பிரித்து வைப்பது சிகிச்சைக்கு உதவியன்று, இடையூறு என்பது அவர் கொள்கை. பெற்றோரைப் பார்க்கவிடாமற் குழந்தைகளைத் தனிக்கூடத்தில் அடைத்து வைப்பதே ஒழுங்கென்று கருதிய காலம் அது. நிக்கால் சொன்னதை அவர் காலத்தவர் அதிகம் பொருட்படுத்தவில்லை.

இக்காலத்தில் நோய் இன்னதென்று தெரிந்தவுடன், வீக்கம் நெரிபடுமுன், நாள் குறித்துச் சிகிச்சை செய்கிறார்கள். வயிற்றுக்குள் சிறு குழாய்க் கண்ணாடியைச் செலுத்திப் பார்த்து உட்புறமிருந்தே வாயிலைக் கட்டும் முறையும் 1990-க்களுக்குப்பின் பரவியுள்ளது. மாதம் நிரம்பாது பிறந்த குழந்தைக்கு மயக்க மருந்தினால் மூச்சுத் தடைப்படும் அச்சம் உண்டாதலால், ஆஸ்பத்திரியை விட்டு வீடு செல்லுமுன்னரே செய்வதோ, சற்று வளரவிட்டுச் செய்வதோ என்ற வாதம் நெடுநாள் நடந்தது. அமெரிக்காவிற் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, காத்திருந்த குழந்தைகளுக்கே கேடுகள் குறைவு என்று எண்ணிக் காட்டிற்று. மாதம் நிரம்பிப் பிறந்த ஆரோக்கியமான குழந்தையானால் காரியம் எளிது. தொடையிடுக்கின் மடிப்பில் விரலகலத்துக்கும் குறைவான ஒரு கீறல். அரைமணி நேரத்து வேலை. காலையில் வந்த பிள்ளை மயக்கம் தெளிந்து, தாய்ப்பால் குடித்து, அன்று மாலையே தாயின் தோளில் வீட்டுக்குப் போகிறது.